மைடேக்ஸ்ல வருமான வரி பாரம் நாமளே அனுப்புறது எப்படி

மைடேக்ஸ்ங்கிறது மலேசியாவுல ஹாசிலோட, அதாவது வருமான வரி வாரியத்தோட சைட்டு. மார்ச் மாசம் வந்துட்டா போதும், சுங்கை சிப்புட் பக்கம் போட்டோஸ்டேட் கடைங்கள்ல ஈஏ பாரத்த (முதலாளி குடுக்குற வருச சம்பள கணக்கு) கையில புடிச்சிக்கிட்டு நம்மாளுங்க வரிசை கட்டி நிப்பாங்க, கடைக்காரரு ஐசி (அடையாள அட்டை) நம்பரு பாஸ்வேர்டு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிக்கிட்டு தட்டி அனுப்பிடுவாரு. அந்த நோட்டு யாரு கையில போகும்னு யாருக்கு தெரியும், போன்லயே நாமளே செஞ்சிடலாம்.

மொதல்ல எந்த பாரம்னு பாருங்க. மில்லுலயோ தோட்ட ஆபிஸ்லயோ சம்பளம் மட்டும் வாங்குனா பிஇ. சொந்தமா லோரி ஓட்டுறீங்க, கடை வச்சிருக்கீங்கன்னா பி. சம்பளத்தோட சொந்த வியாபாரமும் இருந்தா அதுக்கும் பி தான், நிறைய பேரு இங்கதான் கோட்ட விடுறாங்க. பிஇ-க்கு கடைசி நாள் ஏப்ரல் 30, பி-க்கு ஜூன் 30. ஆன்லைன்ல அனுப்புனா வழக்கமா 15 நாள் கூட குடுப்பாங்க, ஆனா அத நம்பி உக்காந்துடாதீங்க, கடைசி ராத்திரி சைட்டு நகரவே நகராது.

புதுசா போறவங்க இ-டாஃப்தார்ல (ஆன்லைன் பதிவு) வரி நம்பர் எடுத்துட்டு, மைடேக்ஸ்ல மொத தடவை லாகின்ன அமுக்குங்க. அப்போ ஒரு ஃப்ராசா கெசெலாமாத்தான், அதாவது பாதுகாப்பு சொல், வைப்பீங்க. அதுக்கப்புறம் லாகின் பண்ணும்போது ஐசி நம்பர் போட்டதும் நீங்க முன்னாடி வச்ச அந்த சொல்ல காட்டும், அது உங்களோடது இல்லன்னா பாஸ்வேர்ட தட்டாதீங்க, அப்படியே மூடிடுங்க, போலி சைட்டா இருக்கலாம். எஸ்எம்எஸ்ல வர்ற லிங்க்க தொடவே தொடாதீங்க லா.

உள்ள போனா வருசம் சரியா எடுக்கணும், போன வருச சம்பளத்துக்குத்தான் இந்த வருசம் அனுப்புறோம், உதாரணத்துக்கு 2024 சம்பளத்த 2025ல. சில எண்ணுங்க முன்னாடியே நிரம்பி இருக்கும், ஈஏ-யோட ஒண்ணொண்ணா ஒப்பிட்டு பாருங்க, பிசிபி (மாசா மாசம் சம்பளத்துல புடிச்ச வரி) தொகைய ரெண்டு தடவை பாருங்க.

வரி கழிவுல உங்களுக்கு 9,000 வெள்ளி (ரிங்கிட்) தானாவே கெடைக்கும். புத்தகம், போன், இன்டர்நெட் பில்லு எல்லாம் சேத்து 2,500 வரைக்கும் போடலாம். எது எந்த பெட்டியில போகும்னு குழப்பமா இருந்தா ஹாசில் சைட்டுல பாரம் இருக்குற பக்கத்துல நோத்தா பெனெராங்கான் (விளக்க குறிப்பு) பிடிஎஃப் இருக்கும், யாரும் தொறக்கவே மாட்டாங்க, ஆனா அதுலதான் எல்லாமே இருக்கு. ரசீத 7 வருசம் வச்சிருக்கணும், கடை ரசீது மை சீக்கிரமே வெளுத்துடும், அதனால வாங்குன அன்னிக்கே போட்டோ எடுத்துடுங்க.

சிம்பான் அமுக்குனா சேவ் தான் ஆகும், போய் சேராது. தண்டத்தாங்கான் டான் ஹன்தார் (கையெழுத்து போட்டு அனுப்பு) அமுக்கி, ஐசியும் பாஸ்வேர்டும் போட்டாத்தான் முடிஞ்சுது. அப்புறம் வர்ற பெங்கெசாஹான (அனுப்புனதுக்கு உறுதி சீட்டு) பிடிஎஃப்பா எறக்கி வச்சிக்கோங்க. ரீஃபண்டு வரணும்னா பேங்க் நம்பர் உங்க பேர்ல இருக்குறதா இருக்கணும், மனைவி பேர்ல இருக்குறது ஆகாது. சிக்கல்னா ஹாசிலோட 03-8911 1000க்கு வேலை நாள்ல கூப்பிடுங்க, மலாய்ல பேசலாம்.