டீசல் புஷர் சூடேறினால்: ஏற்றத்தில் செய்ய வேண்டியதும் பட்டறையில் கேட்க வேண்டியதும்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகஸுக்குச் செல்லும் 15ஆம் எண் நெடுஞ்சாலையில், மொஹாவி பாலைவனத்தின் நடுவே பேக்கர் என்ற சிற்றூர் இருக்கிறது. சுமார் 930 அடி உயரத்தில் உள்ள அவ்வூரைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கி, ஹாலோரன் உச்சியை அடைவதற்குள் ஏறத்தாழ 3,000 அடி உயர்ந்துவிடுகிறது. அருகிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 டிகிரி பாரன்ஹீட்டை நினைவூட்ட, பேக்கரில் 134 அடி உயர வெப்பமானி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மோட்டார் ஹோம், அதாவது வீட்டு வசதிகளோடு கட்டிய பெரிய வண்டி, ஓட்டி வருபவர் அந்த வெப்பமானியைவிடத் தம் டேஷ்போர்டில் எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் சிறிய முள்ளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இங்கே சொல்வது டீசல் புஷர் எனப்படும் பெரிய மோட்டார் ஹோம்களைப் பற்றியது. இவற்றில் எஞ்சின் வண்டியின் பின்புறம், பெரும்பாலும் படுக்கையறைக்கு அடியில் இருக்கும். முன்பக்கம் எஞ்சின் உள்ள வண்டியில் ஓடும் வேகத்திலேயே காற்று ரேடியேட்டருக்குள் பாய்ந்துவிடும். புஷரில் அந்த வசதி இல்லை என்பதால், குளிர்விக்கும் பொறுப்பு முழுவதும் ஃபேனின் மேல் விழுகிறது. ஆகவே, சமவெளியில் தெரியாத ஒரு சிறு குறை முதல் நீண்ட ஏற்றத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறத் தொடங்கியதும், எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திராமல் வேகத்தைக் குறைத்து, கியரையும் ஒன்று இறக்குங்கள். எஞ்சினின் சுழற்சி கூடும்போது தண்ணீர்ப் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுழலும். வண்டி மெதுவாக ஏறுவதால் எஞ்சினிடம் கேட்கப்படும் சக்தி குறைந்து, அது உண்டாக்கும் வெப்பமும் குறையும். உயர் கியரில் மிதியை அடிவரை அழுத்தி ஏறுவதுதான் பலரும் செய்யும் தவறு. டேஷ்போர்டு ஏசியை நிறுத்துங்கள். கலிஃபோர்னியாவின் செங்குத்தான ஏற்றங்களில் இதைச் சொல்லும் பலகைகளையே சாலையோரம் நட்டிருக்கிறார்கள். ஹீட்டரை முழு வேகத்தில் போடுவதும் கொஞ்சம் உதவும், ஆனால் பாலைவன வெயிலில் அதைத் தாங்குவதற்குத் தனி மனவுறுதி வேண்டும்.

அப்படியும் முள் இறங்காவிட்டால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்துங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஒழுகவில்லை, ஆவி கிளம்பவில்லை, ஆயில் அழுத்தமும் சரியாக இருக்கிறது என்றால், எஞ்சினை உடனே அணைக்காமல் நியூட்ரலில் நிமிடத்துக்குச் சுமார் 1,000 முதல் 1,200 சுழற்சியில் சில நிமிடங்கள் ஓடவிடுவது நல்லது; கூலண்ட் சுற்றிக்கொண்டே இருப்பதால் வெப்பம் சீராக வெளியேறும். கூலண்ட் வெளியேறிக்கொண்டிருந்தாலோ ஆயில் அழுத்தம் விழுந்தாலோ அந்தக் கணமே அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் சாதாரண அழுத்தத்தில் சுமார் 106 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் அது சுமார் 129 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் விழ, அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

காரணத்தைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரின் கண்ணுக்குத் தெரியாத முகத்தை. பின்புற ரேடியேட்டர் கொண்ட புஷரில் ஃபேன், காற்றை எஞ்சின் பக்கமிருந்து பின்னோக்கித் தள்ளுகிறது. அந்தக் காற்று முதலில் டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் சார்ஜ் ஏர் கூலரின் வழியாகவும், பிறகு ரேடியேட்டரின் வழியாகவும் செல்கிறது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் படலமும் சாலைத் தூசும் கலந்து, கம்பளி போன்ற ஒரு படிவு கூலரின் உள்முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. பின்கதவைத் திறந்து பார்ப்பவருக்கு ரேடியேட்டர் பளிச்சென்று தெரியும். அடைப்போ அதற்கு மறுபுறம் இருக்கும். நானும் முதலில் அந்தப் பளிச்சென்ற முகத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். எஞ்சினுக்கு மேலே படுக்கையறைத் தரையில் இருக்கும் மூடியைத் திறந்து, டார்ச் விளக்கடித்து, உள்பக்கத்தைப் பாருங்கள். அலுமினியத்தை அரிக்காத டிகிரீசரை (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவத்தை) தெளித்து, சற்று ஊறவிட்டு, காற்று செல்லும் திசைக்கு எதிராகப் பின்பக்கமிருந்து சாதாரணக் குழாய் நீரால் கழுவுங்கள். அழுக்கு நீர் தெளிவாக வடியும்வரை இதைச் சில முறை செய்ய நேரிடலாம். உயர் அழுத்த வாஷர் வேண்டாம், அது மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். பிரீதர் குழாயின் வாய் ஃபேனுக்கு முன்னால் முடிகிறதென்றால் அதை நீட்டி வெளியே கொண்டுபோகாதவரை இதே வேலை மறுபடியும் வரும்.

அதன் பிறகே மற்றவை: தளர்ந்த பெல்ட், திறக்காத தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), அழுத்தம் தாங்காத மூடி. ரேடியேட்டர் பக்கவாட்டில் இருந்தால் ஃபேன் பெரும்பாலும் ஹைட்ராலிக் எண்ணெயால் சுழலும். அந்த எண்ணெயின் அளவையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். ஓர் அகச்சிவப்பு வெப்பமானி வாங்கி வைத்துக்கொண்டு, தெர்மோஸ்டாட் உறையின் வெப்பத்தை டேஷ்போர்டு முள் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். சில நேரங்களில் பழுது சென்சாரில்தான் இருக்கும்.

இனித் தாமதத்தைப் பற்றி. மோட்டார் ஹோம் ஒரே நிறுவனத்தின் பொருள் அன்று. எஞ்சின் கம்மின்ஸ், கியர்பெட்டி ஆலிசன், சேஸி எனும் அடிச்சட்டம் ஃப்ரைட்லைனர் அல்லது ஸ்பார்ட்டன், அதன் மேல் வீட்டைக் கட்டியது வேறொரு நிறுவனம் என்று வண்டி அமைந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் உத்தரவாதம் தனி. மோட்டார் ஹோம் விற்பனையாளர்களில் பலர் எஞ்சினைத் தொடுவதில்லை. லாரிப் பட்டறையோ வீட்டுப் பகுதியைத் தொடத் தயங்கும். எனவே, வண்டியை நிறுத்துமுன் மூன்று கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேளுங்கள்: இந்த நீளமும் உயரமும் உங்கள் கொட்டகைக்குள் நுழையுமா, இந்த எஞ்சினின் உத்தரவாத வேலையைச் செய்ய உங்களுக்கு அனுமதி உண்டா, வண்டி வந்த எத்தனையாவது நாளில் மெக்கானிக் அதைத் திறந்து பார்ப்பார்? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. பலருக்கும் கொடுக்கப்படுவது வண்டியை விட்டுச்செல்லும் நாளே தவிர, வேலை தொடங்கும் நாள் அன்று. பழைய வண்டியில் கேட்டர்பில்லர் எஞ்சின் இருந்தால் இந்தத் தேடல் இன்னும் நீளும், ஏனெனில் அந்நிறுவனம் 2010 வாக்கில் நெடுஞ்சாலை லாரி எஞ்சின் தொழிலைவிட்டு விலகிவிட்டது.

"சூடேறுகிறது" என்று மட்டும் எழுதிக் கொடுத்த வண்டி வரிசையில் பின்னால்தான் நிற்கும், ஏனென்றால் அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த ஏற்றத்தில், என்ன வெளி வெப்பத்தில், எந்த கியரில், எத்தனை நிமிடங்களில் முள் எங்கே சென்றது, நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். திரையில் வந்த குறியீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்பிஎன் என்பது பழுது எதைப் பற்றியது என்று காட்டும் எண்: 110 என்றால் கூலண்ட் வெப்பம், 111 என்றால் கூலண்ட் அளவு. சேஸி எண்ணோடு எஞ்சின் தகட்டில் உள்ள வரிசை எண்ணையும் சேர்த்துத் தாருங்கள். ஒரே எஞ்சின் பெயரில் பல வகைப் பாகங்கள் இருப்பதால், அந்த எண் இல்லாமல் வாங்கிய பாகம் பொருந்தாமல் திரும்பிப் போனால், காத்திருப்பு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் 1971இல் இயற்றப்பட்ட வாகனப் பழுதுபார்ப்புச் சட்டம், எழுத்துப்பூர்வ மதிப்பீட்டையும் அதற்கு மேல் செலவாகும்போது வாடிக்கையாளரின் முன்சம்மதத்தையும் கேட்கிறது. வேலையை ஒப்படைக்கும்போதே கேட்டுக்கொண்டால் கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பப் பெறும் உரிமையும் பொதுவாக உண்டு. வேறு மாநிலத்தில் இருந்தாலும் இதே ஒழுங்கைக் கேட்டு வாங்குங்கள். சம்மதம் கேட்டு அவர்கள் அழைக்கும்போது நீங்கள் தொலைபேசியை எடுக்காவிட்டால், வண்டி கொட்டகையிலிருந்து வெளியே தள்ளப்பட்டு அடுத்த வண்டி உள்ளே போகும். இந்த வகைத் தாமதத்துக்குப் பட்டறையைக் குறை சொல்ல முடியாது. ரேடியேட்டர் கழுவுதல், பெல்ட் மாற்றுதல் போன்ற பராமரிப்பு வேலைகளுக்கு நிறுவனப் பட்டறையின் வரிசையில் நிற்கவும் தேவையில்லை. வெளிப் பட்டறையில் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுப்பதை 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் என்ற அமெரிக்க உத்தரவாதச் சட்டம் தடுக்கிறது. ரசீதுகளை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

புதிய ரேடியேட்டருக்கு வாரக்கணக்கில் காத்திருக்கச் சொன்னால், பழையதன் உள்பகுதியை மட்டும் மாற்றித் தரும் ரேடியேட்டர் கடை அருகில் உண்டா என்று விசாரியுங்கள். பட்டறைக்குள் இருப்பது வண்டி மட்டுமன்று, வீடும்தான். இரவில் வளாகத்திலேயே தங்க அனுமதியும் மின் இணைப்பும் கிடைக்குமா, காப்பீட்டில் தங்கும் செலவு அடங்குமா என்பதை முதல் நாளே கேளுங்கள். இழுவை வண்டி வந்தால், பின் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுப்பதற்கு முன் கியர்பெட்டியையும் பின் சக்கரங்களையும் இணைக்கும் தண்டான டிரைவ்ஷாஃப்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடாதபோது ஆலிசன் கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாது என்பதால், அப்படியே இழுத்தால் கூலண்ட் பழுதோடு கியர்பெட்டிப் பழுதும் சேர்ந்துகொள்ளும்.

வேலை முடிந்ததும் பட்டறை வாசலில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு முள் ஏறவில்லை என்று காட்டுவதை ஏற்காதீர்கள். வண்டியின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பின்னால் கார் இழுக்கும் வழக்கம் இருந்தால் அதையும் பூட்டி, அருகிலுள்ள உண்மையான ஏற்றம் ஒன்றில் மெக்கானிக்கையும் உடன் அழைத்துக்கொண்டு ஏறி இறங்கி, முள்ளின் அளவைப் பழைய தாளுக்குப் பக்கத்தில் எழுதிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.