வெங்காயச் சவ்வில் செல் பார்ப்பது எப்படி

அல்சூர் மார்க்கெட்டில் வாங்கிய பெரிய வெங்காயம் ஒன்று போதும். சாம்பார் வெங்காயம் வேண்டாம், உரிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

சதைப்பற்றான ஓர் இதழை எடுத்து, அதன் குழிந்த பக்கத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற சவ்வை இடுக்கியால் மெல்ல உரித்து, காய்வதற்குள் தண்ணீரில் போடுங்கள். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன்மேல் மடிப்பு விழாமல் சவ்வு, அப்புறம் ஒரு சொட்டு அயோடின். அதன் நிறம் ஏறினால்தான் செல்லுக்குள் இருக்கும் உட்கரு பளிச்சென்று தெரியும்.

மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைத் தொப்பென்று போடாதீர்கள். ஓர் ஓரத்தைச் சொட்டில் தொடவைத்து, 45 டிகிரி சாய்வில் ஊசியால் தாங்கியபடி இறக்குங்கள், இல்லையென்றால் காற்றுக் குமிழிதான். கறுப்பு விளிம்போடு அழகான வட்டமாக இருக்கும். என் மகள் அதைத்தான் செல் என்று அரைமணி நேரம் உட்கார்ந்து வரைந்தாள்!

சரி, இனி நுண்ணோக்கி. முதலில் 10 மடங்கு லென்ஸ். கண் வைக்கும் லென்ஸும் 10 என்றால் மொத்தம் 100 மடங்கு. 40 மடங்கு லென்ஸுக்கு மாற்றியபின் ஃபோகஸ் செய்யும் பெரிய திருகைத் தொடவே கூடாது, ஸ்லைடு உடையும். சிறியதை மட்டும் திருகுங்கள். செங்கல் சுவர் மாதிரி வரிசை தெரிகிறதா? அதுதான். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தைத் தேடாதீர்கள், மண்ணுக்குள் வளர்ந்த வெங்காயத்தில் அது இருக்காது.