மிர்-21ஐ அடக்கினால் மூளைக்கட்டிச் செல் பரவாமல் நிற்குமா? சோதிக்கும் முறை

கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டியை அறுவைசெய்து எடுத்த பிறகும் அது திரும்ப வருகிறது. ஓரத்துச் செல்கள் அதற்கு முன்பே நல்ல மூளைத் திசுவுக்குள் ஊர்ந்து போயிருப்பது முக்கியக் காரணம். கட்டி வளர்வது ஒரு கேள்வி, பரவுவது வேறு கேள்வி. பிஎச்டி முதல் வருடத்தில் இரண்டையும் கலந்துவிட்டு நான்கு மாத உழைப்பை இழந்தேன். புதிதாக லேபில் சேர்பவர்களுக்கு அது நேரக்கூடாது.

மைக்ரோஆர்என்ஏ (சுருக்கமாக மிர்) சுமார் 22 நியூக்ளியோடைடு நீளமே உள்ள ஆர்என்ஏ துண்டு. அதன் 2 முதல் 8 வரையிலான நியூக்ளியோடைடுகள் எந்தத் தூது ஆர்என்ஏவோடு பொருந்துகின்றனவோ, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைத்துவிடும். கிளையோபிளாஸ்டோமாவில் மிர்-124, மிர்-128 போன்றவை குறைந்துபோகும், மிர்-21 ஏறிவிடும். அதை அடக்கினால் கட்டிச் செல்கள் தாமாகவே சாகின்றன என்று 2005இல் சான், கிரிச்செவ்ஸ்கி, கோசிக் ஆகியோர் காட்டினார்கள். இந்தச் சாவுதான் என்னைத் தடுக்கிவிட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் செல்களிலிருந்து ஆர்என்ஏவைப் பிரிப்பது. சாதாரண காலம் (column) வகை கிட் 200 நியூக்ளியோடைடுக்குக் கீழே உள்ளவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். சிறிய ஆர்என்ஏவுக்கான கிட்டையோ, டிரைசால் கரைசலையோ எடுங்கள். டிரைசால் என்றால் கடைசிக் கழுவலுக்கு 75க்குப் பதில் 80 சதவீத எத்தனால். மிர்-21 எவ்வளவு இருக்கிறது என்று க்யூபிசிஆரில் அளக்க ஸ்டெம்-லூப் பிரைமர், ஒப்பீட்டுக்கு யு6 என்ற இன்னொரு சிறிய ஆர்என்ஏ.

அப்புறம் மிர்-21ஐப் பிடித்து அடக்கும் செயற்கைத் துண்டான ஆன்டி-மிர்-21ஐ 50 நானோமோலார் அளவில் செல்களுக்குள் செலுத்துங்கள். பக்கத்திலேயே எதற்கும் பொருந்தாத கண்ட்ரோல் ஒன்று, எதுவும் செலுத்தாத கிணறு (தட்டில் செல் வளரும் குழி) ஒன்று. 48 மணி நேரம் கழித்து க்யூபிசிஆரில் மிர்-21 குறைந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அது அடங்கியதற்கு நம்பத்தக்க அடையாளம், அது அழுத்தி வைத்திருந்த பிடிசிடி4 என்ற புரதத்தின் அளவு வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைக் காட்டும் சோதனை) ஏறுவது. மிர்-21 அழுத்தும் இன்னொரு புரதமான பிடெனைப் பலரும் தேடுவார்கள். லேப்களில் அதிகம் பயன்படும் யு87 என்ற கிளையோபிளாஸ்டோமா செல்லில் பிடென் ஜீனே பழுதானது, அங்கே ஒன்றும் கிடைக்காது.

இனி டிரான்ஸ்வெல், அதாவது செல்கள் சவ்வைத் தாண்டிக் கீழே இறங்குகின்றனவா என்று பார்க்கும் சோதனை. 8 மைக்ரான் துளையுள்ள சவ்வின் மேல், திசுவைப் போன்ற தடையாக மெல்லிய மாட்ரிஜெல் பூச்சு. டிப், பிளேட் எல்லாம் ஐஸ் குளிரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாட்ரிஜெல் சூட்டில் கையிலேயே கெட்டியாகிவிடும். செல்களைச் சீரம் இல்லாத மீடியத்தில் மேலே வையுங்கள், கீழே 10 சதவீத சீரம். 24 மணி நேரம் கழித்து மேற்பக்கத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு, கீழே இறங்கியவற்றைக் கிரிஸ்டல் வயலட்டில் சாயமேற்றி எண்ணுங்கள்.

எனக்கு ஆன்டி-மிர் கிணறுகளில் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. பரவல் நின்றுவிட்டது என்று லேப் மீட்டிங்கில் சொன்னேன். "மேலே போட்ட செல்லில் எத்தனை உயிரோடு இருந்தது?" என்று வழிகாட்டி கேட்டார். பதில் இல்லை. செல்களை நான் எண்ணியது ஆன்டி-மிர் செலுத்துவதற்கு முன்னால். திரும்பச் செய்தபோது தெரிந்தது: கணிசமான செல்கள் செத்துக்கொண்டிருந்தன. செத்த செல் எங்கே ஊர்ந்து போகும்?

அதனால் செலுத்தி 24 மணி நேரம் ஆனதும் செல்களை எடுத்து, செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரைபன் புளூ சாயத்தின் உதவியால் உயிருள்ளவற்றை மட்டும் எண்ணி, எல்லாக் கிணற்றிலும் ஒரே எண்ணிக்கையில் போடுங்கள். அதே செல்களை இன்னொரு தட்டில் சாதாரணமாக வளர்த்து, டிரான்ஸ்வெல்லை நிறுத்தும் அதே நேரத்தில் அதையும் எண்ணுங்கள். மூன்றாவதாக, ஊர்வதை மட்டும் தனியே பார்க்க மாட்ரிஜெல் பூசாத சவ்வு. இறங்கிய எண்ணிக்கையை உயிருள்ள எண்ணிக்கையால் வகுத்த பிறகும் குறைவு தெரிந்தால்தான் பரவலைப் பற்றிப் பேசலாம். அப்போது ரெக், டிம்ப்3 என்ற இரண்டு புரதங்களையும் பாருங்கள். சுற்றுத் திசுவை அரிக்கும் எம்எம்பி நொதிகளுக்கு இவைதான் கடிவாளம். மிர்-21 இவற்றைத்தான் தளர்த்திவிடுகிறது. இந்த நொதிகளின் செயலைக் காட்டும் ஜெலட்டின் சைமோகிராமில் எம்எம்பி பட்டை மங்கினால் சங்கிலி முழுமையாகும்.

இன்னொன்று. செல் வங்கியில் கிடைக்கும் யு87, ஸ்வீடனின் உப்சாலாவில் முதலில் எடுத்த கட்டியோடு மரபணு அளவில் பொருந்தவில்லை என்று 2016இல் தெரிந்தது. ஆகவே செல்லின் அடையாளத்தை டிஎன்ஏ மூலம் உறுதிசெய்யும் எஸ்டிஆர் சோதனை செய்துவிட்டு, நோயாளியின் கட்டியிலிருந்து நேரடியாக வளர்த்த செல்களிலும் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அந்தச் செல்கள் மெதுவாகத்தான் வளரும். அதற்கான வாரங்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கி வையுங்கள்.