காருக்குள் சேர்ந்த சாமானைக் காலி செய்வது எப்படி? முதல்முறை செய்கிறவர்களுக்கு

காரைச் சுத்தம் செய்யப்போகிறேன் என்று முடிவெடுத்ததும் முதல் வேலையாக ஆன்லைனில் ஆர்கனைசர் பை தேடுகிறவர்கள்தான் அதிகம். இப்போதைக்கு வேண்டாம். பை கூடினால் அதில் திணிக்கிற சாமானும் கூடும், அவ்வளவுதான். காருக்குள் பொருளை ஏற்றுவதற்கு வீட்டில் எல்லாருக்கும் கை இருக்கிறது, இறக்குவது மட்டும் யார் வேலை என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துப்போன பாய் ஆடி வரைக்கும் டிக்கியிலேயே கிடக்கிறது.

வேண்டியது ஒரு பழைய போர்வை, இரண்டு பெரிய குப்பைப் பை, டார்ச், காய்ந்த பெயிண்ட் பிரஷ், ஈரத்துணி. வேக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சின்னத் துடைப்பம் போதும்.

1. முதலில் மொத்தமும் வெளியே

வண்டியை நிழலில் நிறுத்தி, நான்கு கதவையும் டிக்கியையும் திறந்துவிட்டு, போர்வையைத் தரையில் விரித்து, உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் அதில் கொட்டுங்கள். கதவு பாக்கெட், சீட்டின் முதுகுப் பை, கப் வைக்கிற குழி, டேஷ்போர்டு பெட்டி, மேட்டுக்கு அடியில், எதையும் விடாதீர்கள். "இது இங்கேதானே இருக்கப்போகிறது" என்று ஒன்றை விட்டுவைத்தால் அதன் பின்னால் இன்னும் நாலு தப்பித்துக்கொள்ளும்.

அப்புறம் மூன்று குவியல்: குப்பை, வீட்டுக்குள் போக வேண்டியது, காரிலேயே இருக்க வேண்டியது. மூன்றாவது குவியல்தான் சிறியதாக இருக்க வேண்டும். ஃபாஸ்டேக் வந்த பிறகும் பழைய டோல் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. எழுத்தே அழிந்துபோன அந்தச் சீட்டுகளை யோசிக்காமல் குப்பையில் போடலாம். கோயில் விபூதிப் பொட்டலங்களைக் குப்பையில் போட மனசு வராது, சரி, வீட்டுக்குக் கொண்டுபோய் பூஜை அறை டப்பாவில் சேர்த்துவிடுங்கள்.

2. சீட்டுக்கு அடியில்

முன்சீட்டை முழுசாக முன்னால் தள்ளி, பின்னால் இருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு முழுசாகப் பின்னால் தள்ளி முன்னால் இருந்து. சீட் நகர்கிற தண்டவாளத்தில்தான் முறுக்குத் தூள், கடலைத் தோல், ஐந்து ரூபாய் நாணயம், பேனா மூடி எல்லாம் போய்ச் சிக்கியிருக்கும். பிரஷ்ஷால் அதை ஒரு பக்கமாகக் கிளப்பிவிட்டு வேக்குவம் பிடியுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், அடியில் வயர்கள் போகின்றன. அதில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் கையே வைக்காதீர்கள், அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது.

இந்தத் தின்பண்டத் தூளை அசட்டையாக விடக்கூடாது. எறும்பும் கரப்பானும் வருவதோடு போகாது, எலி வரும். எலி வந்து வயரைக் கடித்துவிட்டால் ஒர்க் ஷாப் பில்லைப் பார்க்கும்போது முறுக்கு ஞாபகம் வரும்.

பால் கொட்டிய இடம் இருந்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி சில மணி நேரம் விட்டு வேக்குவம் பிடியுங்கள். நாற்றத்தின் மேல் வாசனைத் திரவியம் அடிப்பதில் பிரயோஜனம் இல்லை, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் வரும்.

பின்சீட்டில் ஒரு விஷயம் பாருங்கள்: கவர் மாட்டும்போது பெல்ட் பக்கிள்கள் சீட்டுக்குள் புதைந்து போயிருக்கும். பின்னால் உட்காருகிறவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். வெளியே இழுத்துவிடுங்கள்.

3. டிரைவர் கால் பக்கம், டேஷ்போர்டு மேல்

அழகைவிட உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது. தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் பிரேக் முழுசாக இறங்காது. அதனால் டிரைவர் பக்கம் தரையில் எதுவுமே கூடாது. ஒரு மேட்டின் மேல் இன்னொரு மேட் போடுவதையும் விட்டுவிடுங்கள். மேட் நகர்ந்து ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொள்ளும் அபாயத்துக்காக 2009-ல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தது, சின்ன விஷயம் இல்லை. மேட்டை நிறுத்திப் பிடிக்கிற கொக்கி இருந்தால் அதில் மாட்டுங்கள்.

டேஷ்போர்டு மேல் சின்னப் பிள்ளையார் இருக்கட்டும், நன்றாக ஒட்டியிருக்கட்டும், ஆனால் முன்பயணி ஏர்பேக் திறக்கிற இடத்தில் வேண்டாம். ஏர்பேக் வெடித்து விரிகிற வேகத்தில் மேலே இருக்கிற பொருள் முகத்தில்தான் வந்து அடிக்கும். பின்கண்ணாடி ஓரத்தில் தலையணை, குடை, பொம்மை அடுக்குகிறவர்களுக்கும் இதேதான்: பின்னால் வருகிற வண்டி தெரியாது, சடன் பிரேக் போட்டால் எல்லாம் முன்னால் பறந்து வரும்.

4. டேஷ்போர்டு பெட்டியும் காகிதங்களும்

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். ஒவ்வொன்றிலும் இப்போது செல்லுகிற ஒன்று மட்டும், ஒரே ஜிப் உறையில். முடிந்துபோன இன்சூரன்ஸ் தாள்கள் வீட்டு ஃபைலுக்குப் போகட்டும், இல்லையென்றால் சோதனையில் நிறுத்தும்போது பழசையே எடுத்து நீட்டுவீர்கள். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் இருக்கும் ஆவணங்களை ஏற்க வேண்டும் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2018-லேயே சொல்லிவிட்டது, அதனால் போனிலும் ஏற்றி வையுங்கள். வண்டியின் கையேடு, ஒரு பேனா, டயர் பிரஷர் பார்க்கிற கேஜ் இருந்தால் அதுவும். வேறெதுவும் இந்தப் பெட்டிக்குத் தேவையில்லை.

5. வெயில் தாங்காத சாமான்

வெளியே 35 டிகிரி என்றால், வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50-ஐத் தாண்டிவிடும். பாடி ஸ்பிரே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்றுதான் எழுதியிருக்கும். லைட்டர், பவர் பேங்க், சானிடைசர் எல்லாம் இறங்கும்போது கூடவே இறங்க வேண்டும். மாத்திரைகளும்தான், 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, பேண்டேஜ் இருக்கட்டும், காலாவதியான களிம்பைத் தூக்கிப் போடுங்கள்.

6. டிக்கி

தரை விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியைப் பாருங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம் மூன்றும் இருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். நடுரோட்டில் பஞ்சரான பிறகு அரிசி மூட்டையையும் கிரிக்கெட் பேட்டையும் இறக்கி வைத்துக்கொண்டு ஸ்டெப்னி தேடுவது கொடுமை. கனமான சாமானைப் பின்சீட்டை ஒட்டி, கீழே வையுங்கள். ஈரக் குடைக்கு ஒரு பிளாஸ்டிக் பை.

இனி தினசரி ஒரே விதிதான்: அவரவர் கொண்டுவந்ததை அவரவர் இறக்க வேண்டும், பிள்ளைகளும் சேர்த்து. குப்பைக்கு ஒரு சின்னப் பையைப் பின்பக்கம் மாட்டி, பெட்ரோல் போடும்போதெல்லாம் பங்க் குப்பைத்தொட்டியில் காலி செய்துவிடுங்கள்.

இரண்டு வாரம் இப்படி ஓட்டிப் பார்த்த பிறகும் டிக்கியில் சாமான் உருண்டுகொண்டே இருந்தால் மட்டும் ஒரு பெட்டி வாங்குங்கள். பழக்கடையில் கிடைக்கிற ஆப்பிள் அட்டைப் பெட்டியே பலருக்குப் போதும். கடைக்குப் போவதாக இருந்தால் டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள், சக்கரம் இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் மேடு உள்ளே தள்ளியிருக்கும், அந்த இடைவெளிதான் உண்மையான அகலம்.