முகடுகளுக்கு இடையே கிடக்கும் மேடு: காந்தப் பரவல் சிதறலைப் படிக்கும் முறை

புதுச்சேரி காலாப்பட்டில் ஆய்வு மாணவனாக இருந்தபோது, மும்பையின் துருவா ஆய்வு அணு உலையில் அளந்த தூள் நியூட்ரான் தரவை வைத்துக்கொண்டு மூன்று வாரங்கள் விழித்தேன். படிக ஒழுங்கு தரும் கூரிய பிராக் முகடுகளைப் பொருத்தப் பழகிய கண்ணுக்கு, அவற்றின் இடையே தாழக் கிடக்கும் அகன்ற மேடு வெறும் பின்னணியாகத்தான் தெரியும். ஃப்ரஸ்ட்ரேட்டட் காந்தங்களிலோ (அண்டை இடைவினைகள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவுசெய்ய முடியாதவை), அணுக்களின் நுண்காந்தங்களான தற்சுழற்சிகள் நெடுந்தொலைவு ஒழுங்கின்றி அண்டை அணுக்களோடு மட்டும் இணங்கி நிற்பதைச் சொல்வது அந்த மேடுதான்; அதுவே காந்தப் பரவல் சிதறல்.

படி 1: மாதிரி. மாங்கனீசு ஆக்சைடில் தொடங்குங்கள். இது ஏறத்தாழ 118 கெல்வினில் காந்த ஒழுங்கு பெறும். அதற்குச் சற்று மேலே அளந்தால், க்யூ (சிதறும்போது நியூட்ரானின் அலைத்திசையன் மாறும் அளவு) ஆங்ஸ்ட்ராமுக்கு 1.2 ஆகும் இடத்தருகே மேடு தெளிவாக எழும். கடோலினியச் சேர்மங்களை முதல் முயற்சியிலேயே தொட வேண்டாம். இயற்கைக் கடோலினியம் நியூட்ரான்களை விழுங்கிவிடும், விலையுயர்ந்த தனி ஐசோடோப்பு தேவைப்படும்.

படி 2: அளவுகோல். சிதறல் வலிமை தெரிந்த வனேடியத்தின் அளவீட்டைக் கொண்டோ, ஃபுல்ப்ராஃப் என்ற பொருத்தும் நிரலில் அணுக்கரு முகடுகளைப் பொருத்தியோ, செறிவைச் சிதறல் பரப்பின் அலகான பார்னுக்கு மாற்றுங்கள். எனக்கு இரண்டாவதே பிடிக்கும்.

படி 3: கழித்தல். நான் இடறிய இடம் இது. அணுக்கருச் சிதறலை நீக்க, உயர்வெப்பத் தரவைத் தாழ்வெப்பத் தரவிலிருந்து கழிப்பது வழக்கம். கழித்தபின் பல இடங்களில் செறிவு சுழிக்குக் கீழே இறங்கியது கண்டு, கருவியில்தான் பிழை என்று முடிவுகட்டினேன். உண்மையில், சூடேற்றினால் காந்தச் சிதறல் மறைவதில்லை. காந்த வடிவக் காரணியின் (க்யூ கூடக்கூடக் காந்தச் சிதறல் குறைவதைக் காட்டும் எண்) வர்க்கத்தைப் பின்பற்றிச் சீராகப் பரவிவிடுகிறது, கழிக்கும்போது அதுவும் சேர்ந்தே போய்விடுகிறது. எனவே அந்தப் பாராகாந்தப் பங்கைக் (தற்சுழற்சிகள் ஒன்றையொன்று சாராதபோது வரும் சிதறலை) கணக்கிட்டுத் திரும்பச் சேர்க்க வேண்டும்: அயனியின் விளைவுறு காந்தத் திருப்புத்திறனை, அணுக்காந்த அலகான போர் மேக்னட்டானில் வர்க்கப்படுத்தி, 0.0484 ஆலும் வடிவக் காரணியின் வர்க்கத்தாலும் பெருக்குங்கள். இருமின்னேற்ற மாங்கனீசுக்கு அவ்வர்க்கம் 35. ஆகவே க்யூ சுழியில் அயனி ஒன்றுக்கு, ஸ்டெரேடியனுக்குச் சுமார் 1.7 பார்ன் வரும். ஆனால் மாங்கனீசு ஆக்சைடில் தற்சுழற்சிகள் அறை வெப்பநிலையிலும் ஒன்றையொன்று விட்டுவிடுவதில்லை. 300 கெல்வின் தரவை முழுப் பாராகாந்தமாகக் கொண்டால் பிழை நேரும். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள டி7 போன்ற, முனைவாக்கிய (தற்சுழற்சிகள் ஒரே திசையில் அமைந்த) நியூட்ரான்களைப் பயன்படுத்தும் கருவியில் நேரம் கிடைத்தால், காந்தப் பங்கைத் தனியே பிரித்தெடுத்து இத்தொல்லையையே தவிர்க்கலாம்.

படி 4: ஸ்பின்வெர்ட். 2013இல் பேடிசன், ஸ்டூவர்ட், குட்வின் ஆகியோர் விவரித்த இந்த நிரல், ரிவர்ஸ் மாண்டி கார்லோ என்ற, தற்செயல் மாற்றங்களைச் செய்து பார்க்கும் முறையில் தற்சுழற்சிகளைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தரவோடு பொருத்துகிறது. இடைவினை மாதிரி எதையும் முன்கூட்டித் தர வேண்டியதில்லை. ஒருமுறை ஓட்டிக் கிடைத்த படத்தை நம்பாமல், வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து பத்துமுறையாவது ஓட்டிச் சராசரி எடுங்கள்.

பின்சேர்க்கை: கடலூர் மாணவி ஒருவர், திருப்புத்திறன் சரியாக இருமடங்கு வருவதாக எழுதியிருந்தார். அவர் செறிவை அயனிக்கு அல்லாமல் அலகுக்கூட்டுக்குக் கணக்கிட்டிருந்தார். மாங்கனீசு ஆக்சைடின் கூட்டில் நான்கு மாங்கனீசு அயனிகள் இருப்பதால் செறிவு நான்கு மடங்காகும். திருப்புத்திறன் அதன் வர்க்கமூலமாகையால் இருமடங்காகும்.