உதவிப்பணத்தில் வாழ்பவரின் முதல் கிரெடிட் கார்ட்: கொழும்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரெடிட் கார்ட் விண்ணப்பத்தில் ‘மாத வருமானம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவில் வாழ்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது அந்த இடத்தில்தான். சிலர் கூச்சத்தில் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். சிலர் கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பும் காசு, தங்கையின் டியூஷன் வருமானம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு பெரிய தொகையைப் போடுகிறார்கள். இரண்டுமே பிழை. இரண்டாவது கொஞ்சம் ஆபத்தான பிழை. பிரதேச செயலகத்தில் ஒரு வருமானமும் வங்கியில் இன்னொரு வருமானமும் உங்கள் கையெழுத்தோடு இருந்தால், பிறகு இரண்டு இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

வங்கி முதலில் பார்ப்பது இரண்டே விஷயம்: இந்தப் பணம் மாதாமாதம் கணக்கில் விழுகிறதா, இனியும் விழுமா. அதனால் உங்களுக்கு வருவது எந்த வகைப் பணம் என்று நீங்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ‘உதவிப்பணம்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் பலர் தமக்கே நட்டம் செய்துகொள்கிறார்கள்.

அரச வேலையிலிருந்து மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற்றவருக்கு வருவது ஓய்வூதியம். அதை அப்படியே எழுதுங்கள், ஓய்வூதிய ஆவணத்தை இணையுங்கள். அது மாதச் சம்பளத்துக்கு ஒப்பான, வங்கிக்கு நன்றாகப் புரிகிற வருமானம். குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான அரச கொடுப்பனவு வேறு. அது 2024இல் மாதம் 7,500 ரூபாயாகவும், 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. தகுதி மீளாய்வு செய்யப்படக்கூடிய பணம் என்பதால் வங்கி அதை உறுதியான வருமானமாக எடுப்பது அரிது. அதை மட்டும் காட்டி வழமையான கார்ட் கேட்டால் கிடைக்காது என்று வைத்துக்கொள்ளலாம். மனம் நோகும்தான், ஆனால் தெரிந்துகொண்டு போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

வெளிநாட்டுக் காசு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கிக்கு வெளியே, ஆள் மூலம் கைமாறும் உண்டியலில் வரும் பணத்துக்கு எந்தத் தடயமும் இல்லை. அதே தொகை ஆறு மாதம் வங்கி வழியாக உங்கள் பெயருக்கு வந்திருந்தால், கணக்கு அறிக்கையில் காட்ட ஏதாவது இருக்கும்.

அப்படியானால் வழி? நிலையான வைப்பைப் பிணையாக வைத்து எடுக்கும் கார்ட். இதைக் கேட்காமலே திரும்பி வருவதுதான் என் கணிப்பில் ஆகப்பெரிய தவறு. சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குப் பல வங்கிகள் இப்படிக் கொடுக்கின்றன. கடன் எல்லை வைப்புத் தொகையை விடக் குறைவாக இருக்கும், வைப்புக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலையில் ஊழியர் சேமலாப நிதியை எடுத்தவர்கள், அதில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். முழுவதையும் போடாதீர்கள், கார்ட் இருக்கும்வரை அந்த வைப்பை உடைக்க முடியாது. அரச கொடுப்பனவு பெறுகிறவர் என்றால் இன்னொரு படி இருக்கிறது. வருமானமும் சொத்தும் பார்த்துக் கொடுக்கும் உதவி இது. ஆகவே வைப்புப் போடும் முன்னரே பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கிரிப். 1990ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான் எல்லாரும் அப்படிச் சொல்கிறோம். ‘நான் கடனே வாங்கியதில்லை, என் கிரிப்பில் என்ன இருக்கப் போகிறது’ என்று நினைப்பவர்கள், மச்சானின் ஆட்டோ லீசிங்குக்குப் பிணை வைத்துக் கையெழுத்துப் போட்டதை மறந்திருப்பார்கள். பிணை நின்றதும் அதில் பதிவாகும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். வங்கிகள் உங்கள் விபரத்தைத் தேடிப் பார்ப்பதும் அங்கே பதிவாவதால், ஒரே வாரத்தில் நாலு வங்கியில் போட்டால் ஐந்தாவது வங்கிக்கு அது தெரியும். சுப்பர் மார்க்கட் வாசலில் மேசை போட்டிருக்கும் பிள்ளைகள் கேட்டவுடன் அடையாள அட்டைப் பிரதியைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். அவர்கள் பாவம், கமிஷனுக்கு நிற்கிறார்கள். உங்கள் நிலைமையை விளக்க அது இடமில்லை. கிளைக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

படிவம் நிரப்பும்போது ‘கார்ட் காப்புறுதி’ என்று ஒரு பெட்டி இருக்கலாம். இறந்தாலோ இயலாமை வந்தாலோ நிலுவையைக் கட்டுவார்கள் என்று சொல்வார்கள். ஏற்கனவே உள்ள உடல்நிலையை இப்படியான காப்புறுதிகள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. எழுத்தில் பார்க்காமல் பெட்டியில் சரி போட்டால், உங்களுக்கு உதவாத ஒன்றுக்கு மாதாமாதம் காசு போகும்.

கார்ட் வந்த பிறகு நடக்கும் தவறுகள் எல்லாருக்கும் பொதுவானவை, ஆனால் நிலையான சிறு வருமானத்தில் வாழ்பவருக்கு அடி பலமாக விழும். கடன் அட்டை வட்டிக்கு 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி 28% என்று உச்சவரம்பு போட்டது. அந்த வீதத்தையே எடுத்தால், 40,000 ரூபாய் நிலுவைக்கு மாத வட்டி 930 ரூபாயளவில் வரும். மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5% என்றால் நீங்கள் கட்டும் 2,000இல் கிட்டத்தட்டப் பாதி வட்டிக்கே போகிறது. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுக் காசெடுத்தால் அன்றிலிருந்தே வட்டி, கட்டணம் தனி. மருந்துச் செலவுக்கு அவசரம் என்றாலும் பார்மசியிலேயே கார்டைத் தேயுங்கள், காசாக எடுக்காதீர்கள்.

கொடுப்பனவு விழும் கணக்கு ஒரு வங்கியில், கார்ட் வேறு வங்கியில் இருப்பது நல்லது. நிலுவை தவறினால் அதே வங்கியிலுள்ள கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள்.

நடமாடவோ பார்க்கவோ சிரமமுள்ளவர்கள் பின் நம்பரை வீட்டாரிடம் கொடுப்பது வழக்கம். அன்பில் கொடுப்பதுதான், ஆனால் பிறகு வரும் செலவுக்கு வங்கி உங்களைத்தான் கேட்கும். அதற்குப் பதில் கிளை முகாமையாளரிடம் உங்கள் தேவையை எழுத்தில் கொடுங்கள். விதிமுறைகளைத் தமிழில் கேளுங்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்துக்காக மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் வாங்கி முதலில் அந்த வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள். அங்கே சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு இருக்கிறது, 1935க்கு அழைக்கலாம்.