திரிசங்கைப் பிடித்தால் தெற்கு கிடைக்கும்

மொரீஷியஸில் பூத்ர் தோர் கரைக்குப் போகிறவர்கள், 1744 ஆகஸ்டில் எதிரேயுள்ள பவளப்பாறையில் மோதி உடைந்த சேன் ஜெரான் கப்பலின் நினைவுத்தூணைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். வைகாசி அமாவாசையையொட்டிப் போனால் இரவு எட்டு மணிவரை இருங்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் திரிசங்கு, அதாவது தென்சிலுவை, நிமிர்ந்து நிற்கும். உச்சி விண்மீன் சற்றே சிவப்பு. அதிலிருந்து அடி விண்மீன்வரை உள்ள நீளத்தை அப்படியே நாலரை மடங்கு கீழே நீட்டுங்கள். அதுதான் வானத்தின் தென்துருவப் புள்ளி; அதற்கு நேர் கீழே தொடுவானத்தில் தெற்கு. அங்கே பளிச்சென்று எதுவும் இராது, ஏமாறாதீர்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், தொடுவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரம். ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 பாகை; நம் தீவு 20 பாகை தெற்கில் இருப்பதால் வரும் கணக்கு அது. பக்கத்தில் பளிச்சென்ற இரண்டு விண்மீன்கள் வழிகாட்டாவிட்டால் நீங்கள் பார்ப்பது போலிச் சிலுவை, அதாவது அதே வடிவில் தெரியும் வேறு விண்மீன்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், கண் கூசாது.